உறையோடு சேர்த்தே வையுங்கள்

பெங்களூரில் வீடு காலி செய்கிறவர்களும், பெரியவர்கள் காலமானபின் அலமாரியை ஒழிக்கிறவர்களும் பழைய கடிதக் கட்டுகளை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எடைக்கடையிலிருந்து அந்தக் கட்டுகள் பி.வி.கே. ஐயங்கார் சாலையை ஒட்டி ஞாயிறுதோறும் கூடும் சண்டே பஜாருக்கு வந்து சேர்கின்றன. அங்கே தபால்தலை இருக்கும் மூலையை மட்டும் கத்தரித்து, நூறு நூறாகப் பையில் போட்டு விற்கிறார்கள். அனுப்பியவர் பெயர், பெற்றவர் விலாசம், ஊர் முத்திரை, தேதி, தணிக்கைச் சீட்டு எல்லாம் தாங்கிய மீதி உறை கீழே விழுந்து மிதிபடுகிறது.

இந்த வழக்கத்தை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். எந்த நாட்டுத் தபால்தலைக்கும் இது பொருந்தும் என்றாலும், ஆப்பிரிக்கக் காலனிகளிலிருந்து வந்த தபால்களுக்கு அவசரமாகப் பொருந்தும். மொம்பாசாவிலிருந்தும் டர்பனிலிருந்தும் ஜான்சிபாரிலிருந்தும் நம் ஊருக்கு வந்த உறைகளில் நம்மவர்களின் வரலாறு இருக்கிறது. அந்த மனிதர்களைப் பற்றி வேறு எழுத்துச் சாட்சி மிகக் குறைவு.

நான் ரயில்வே தபால் பிரிவில், ஆர்.எம்.எஸ்.ஸில், சார்ட்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சார்ட்டிங் பெட்டி முன்னால் நிற்பவரின் கண் தபால்தலையின் படத்துக்குப் போகாது. முதலில் ஊர், அடுத்து பின்கோடு, பிறகு தேதி முத்திரை. ராணி படமோ சிங்கம் படமோ, அது கட்டணம் கட்டியாயிற்று என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். கடிதம் எங்கிருந்து யாருக்குப் போகிறது என்பதுதான் எங்கள் வேலை. ஆப்பிரிக்கக் காலனித் தபால்தலைகளைச் சேர்க்க ஆரம்பித்தபோதும் அந்தக் கண் என்னை விட்டுப் போகவில்லை. ஆல்பத்தில் வரிசையாக ஒட்டிய ராஜா ராணிகளை விட, கசங்கி மஞ்சளேறிய ஓர் உறை எனக்கு அதிகம் சொல்கிறது.

‘எத்தனையோ நாடு இருக்க, ஆப்பிரிக்கா எதற்கு?’ என்று கேட்கிறார்கள். 1890இல் பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்கக் கம்பெனி வெளியிட்ட தபால்தலையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். கதிர் வீசும் சூரியன், மேலே ஒரு கிரீடம், கீழே விலை. அந்த விலை பென்னியிலும் ஷில்லிங்கிலும் இல்லை. அணாவிலும் ரூபாயிலும் இருக்கிறது. அதே ஆண்டு அந்தத் தபால்தலைகள் வந்துசேரும்வரை, மொம்பாசாவில் இந்தியத் தபால்தலைகளையே சில மாதம் ஒட்டி அனுப்பினார்கள். 1895இல் பிரிட்டிஷ் அரசு நேரடியாக ஆட்சியை எடுத்துக்கொண்டதும், விக்டோரியா ராணி தலை பொறித்த இந்தியத் தபால்தலைகளின் மேல் ‘பிரிட்டிஷ் ஈஸ்ட் ஆஃப்ரிக்கா’ என்று அச்சடித்துப் புழக்கத்தில் விட்டது.

ஜான்சிபாரில் இந்தத் தொடர்பு இன்னும் பழையது. 1875 முதல் அங்கே நிலையாக இயங்கிய தபால் அலுவலகம் இந்தியத் தபால் துறையுடையது. கர்நாடகத்தில் ஓர் ஊரில் ஒட்டும் அதே அரையணாத் தபால்தலை அந்தத் தீவிலும் செல்லும். முத்திரையில் மட்டும் ‘ஜான்சிபார்’ என்று இருக்கும். 1895 நவம்பரில் அந்தத் தபால்தலைகளின் மேல் தீவின் பெயரை அச்சடித்தபோது, அச்சுக் கோத்தவர்கள் சில இடங்களில் ‘ஜான்சிடார்’ என்று கோத்துவிட்டார்கள். அந்தப் பிழைத் தபால்தலைக்கு இன்று சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். உகாண்டாவில் அதே ஆண்டு எர்னஸ்ட் மில்லர் என்ற பாதிரியார் தட்டச்சுப் பொறியில் அடித்த தபால்தலைகளுக்கு விலை சோழிகளில். இருநூறு சோழி ஒரு ரூபாய். அடுத்த ஆண்டே அங்கேயும் அணா வந்துவிட்டது. பக்கத்தில் ஜெர்மானியர் ஆண்ட கிழக்கு ஆப்பிரிக்காவிலும் நாணயத்தின் பெயர் ரூபாய்தான். பிரிட்டிஷ் சோமாலிலாந்தின் முதல் தபால்தலைகளும் 1903இல் இந்தியத் தபால்தலைகளின் மேல் அச்சடிக்கப்பட்டவை.

ஐரோப்பியக் கொடி ஏறுவதற்கு முன்பே இந்திய வியாபாரியும் இந்திய ரூபாயும் அந்தக் கடற்கரையில் இருந்ததுதான் இதற்கெல்லாம் காரணம். ஆள வந்தவர்கள் இருந்த பணத்தையும் இருந்த தபால் வழியையும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஆட்களையும் எடுத்துக்கொண்டார்கள். 1896 தொடங்கி 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை உகாண்டா ரயில் பாதை போட ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலோர் பஞ்சாபிகள். சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். ஒரு மைல் பாதைக்கு ஏறக்குறைய நான்கு உயிர்.

இனி பெங்களூருக்கு வருவோம். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியபோது, ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவைப் பிடிக்க இந்தியாவிலிருந்து ஒரு படை அனுப்ப முடிவாயிற்று. இந்தியப் படைப்பிரிவு ‘பி’ என்று அதற்குப் பெயர். அதில் முக்கியப் பங்கு 27ஆவது பிரிகேடுக்கு. படை ஆவணங்களில் அதன் பெயர் பெங்களூர் பிரிகேட். தலைமை பிரிகேடியர் ஜெனரல் வாப்ஷேர். அந்த பிரிகேடில் லாயல் நார்த் லங்காஷயர் படையோடு போனது 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. கூடவே மதராஸ் மாகாணத்தின் 61ஆவது பயனியர் படையும் கப்பலேறியது. இன்று தான்சானியாவில் இருக்கும் டாங்கா துறைமுகத்தில் 1914 நவம்பர் 2ஆம் தேதி இறங்கினார்கள். 4ஆம் தேதி தாக்கினார்கள். 5ஆம் தேதி தோற்றுத் திரும்பக் கப்பலேறினார்கள். ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட படையை, அதில் எட்டில் ஒரு பங்கு ஆட்களை வைத்துக்கொண்டு லெட்டோ ஃபோர்பெக் என்ற ஜெர்மன் தளபதி விரட்டினார். அவருடைய படையில் பெரும்பாலோர் அஸ்காரிகள் எனப்பட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்கள்.

தோல்விக்குக் காரணம் இந்தியப் படைக்குத் தலைமை தாங்கிய எய்ட்கனின் திட்டமின்மை என்று இன்று எல்லாரும் எழுதுகிறார்கள். அன்று பழி முழுவதும் மதராஸ் சிப்பாய்கள் தலையில் விழுந்தது. வாரக்கணக்கில் கப்பலின் அடித்தளத்தில் நெருக்கியடித்து வந்தவர்கள், பழகாத காட்டில், பழகாத துப்பாக்கியோடு இறக்கப்பட்டவர்கள் என்பதைப் பேச ஆளில்லை. போருக்குப்பின் மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. பாளையங்கோட்டைப் படையும் அதில் போயிற்று. பிரிகேட் சாலை ரெசிடென்சி சாலையைச் சந்திக்கும் இடத்தில், கடைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில், மதராஸ் பயனியர்களுக்கு ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. அதைத் தாண்டித் தினமும் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். அதில் பொறித்திருப்பதை நின்று படித்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

அந்தப் போருக்காக இந்தியத் தபால் துறை ஒரு தபால்தலை வரிசை வெளியிட்டது. ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த வழக்கமான தபால்தலையின் மேல் ‘ஐ.இ.எஃப்.’ (இந்தியன் எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ்) என்று கறுப்பில் மூன்று எழுத்து. மூன்று பை முதல் ஒரு ரூபாய் வரை பத்து மதிப்பு. படையோடு போன கள அஞ்சலகங்களில் இவை விற்றன. இப்போதும் சிறிய மதிப்புகள் மலிவாகவே கிடைக்கின்றன. ஒரு பள்ளி மாணவன் கைக்காசில் வாங்கலாம். ஆனால் உறையிலிருந்து வெட்டிய ஒரு ஐ.இ.எஃப். தபால்தலையைக் கையில் கொடுத்து, ‘இது எங்கே ஒட்டியது?’ என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. இதே தபால்தலை பிரான்சிலும் எகிப்திலும் மெசபடோமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் விற்றது. முழு உறை இருந்தால் கள அஞ்சலகத்தின் எண் முத்திரையில் இருக்கும், தேதி இருக்கும், எழுதியவர் எந்தப் படை என்று இருக்கலாம், பெற்றவர் ஊர் நிச்சயம் இருக்கும். அந்தச் சிப்பாய் மொம்பாசாவில் இருந்தானா, பாக்தாத் பாதையில் இருந்தானா என்பதைச் சொல்வது உறைதான். கத்தரிக்கோல் ஒரு நொடியில் அதை அழித்துவிடுகிறது.

காலனித் தபால்தலையின் படம் அரசாங்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பியது. அதை அப்படியே நம்பிவிடக்கூடாது. பெல்ஜிய மன்னர் லியோபோல்டு காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்தபோது, 1894 முதல் வந்த தபால்தலைகள் உலகிலேயே அழகானவை என்று பலர் சொல்வார்கள். இரண்டு நிறம், நுணுக்கமான செதுக்கு அச்சு. ஒன்றில் மட்டாடி துறைமுகம், ஒன்றில் அருவி, இன்னொன்றில் எண்ணெய்ப் பனையில் ஏறும் ஒரு மனிதர். அந்த மனிதரின் ஊர்க்காரர்களிடம் அதே ஆண்டுகளில் ரப்பர் பால் கொண்டுவரச் சொல்லி, கொண்டுவராதவர்களைச் சுட்டார்கள். தோட்டாவுக்குக் கணக்குக் காட்டக் கைகளை வெட்டினார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை 1904இல் அதை வெளியில் கொண்டுவந்தது. 1908இல் லியோபோல்டிடமிருந்து காங்கோ பெல்ஜிய அரசின் கைக்கு மாறியது. தபால்தலையில் அருவி மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

ஜெர்மன் காலனிகளின் தபால்தலைகளில் கைசரின் ‘ஹோஹென்சோலர்ன்’ உல்லாசக் கப்பல். ஆப்பிரிக்கா, சீனா, பசிபிக் தீவுகள் எல்லாவற்றுக்கும் அதே கப்பல்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் 1905இல் நாணயம் மாறி, ஹெல்லர் மதிப்பில் அந்தக் கப்பல் புதிதாக அச்சாகி வந்தது. கட்டாயப் பருத்திச் சாகுபடிக்கும் வரிக்கும் எதிராக மாஜி மாஜி எழுச்சி தொடங்கியதும் அதே 1905இல். வயல்களையும் தானியக் களஞ்சியங்களையும் எரித்து அதை அடக்கினார்கள். பஞ்சத்தோடு சேர்த்து இறந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று வரலாற்றாளர்கள் பலர் மதிப்பிடுகிறார்கள்.

நம் பங்கையும் மறைக்கக்கூடாது. காலனி ஆப்பிரிக்காவில் இந்தியர் தொழிலாளியாக மட்டும் இல்லை; கடைக்காரராக, குமாஸ்தாவாக, போலீஸாக, சிப்பாயாகவும் இருந்தார். ஆப்பிரிக்கரை அடக்கிய அரசின் கையாகப் பல இடங்களில் நம்மவர் வேலை செய்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்கப் போரில் இரு பக்கப் படைகளுக்கும் மூட்டை சுமந்தவர்கள் ஆப்பிரிக்கர்கள். பிரிட்டிஷ் பக்கம் சுமந்தவர்களில் மட்டும் 95,000 பேருக்கு மேல் நோயிலும் பசியிலும் இறந்ததாகக் கணக்கு. அந்த ‘கேரியர் கோர்’ என்ற பெயர்தான் டார் எஸ் ஸலாமில் காரியாக்கூ சந்தையாகவும், நைரோபியில் காரியோகோர் பகுதியாகவும் நிற்கிறது. அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதம் எதுவும் எந்த ஆல்பத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. பெரும்பாலோருக்கு எழுத்தும் இல்லை, போய்ச் சேரும் விலாசமும் இல்லை. ஆப்பிரிக்கத் தபால்தலை சேர்ப்பவர் தன் ஆல்பத்தின் ஒரு பக்கத்தில் இதையும் எழுதி வைக்க வேண்டும். நான் எழுதி வைத்திருக்கிறேன்.

தமிழர்களுக்கு இந்தப் பொருள் இன்னும் நெருக்கமானது. 1860 நவம்பர் 16ஆம் தேதி ‘ட்ரூரோ’ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் சேர்ந்தது. அதில் 342 பேர். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் போன முதல் தொகுதி. 1911 வரை அப்படிப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், ஊர், உடலில் உள்ள மச்சம் தழும்பு எல்லாம் இருக்கிறது. அரசு அவர்களைப் பற்றி எழுதியது ஏராளம். அவர்கள் தங்களைப் பற்றி எழுதியது சொற்பம். பத்திரம் எழுதுகிறவரிடமோ கங்காணியிடமோ கெஞ்சி எழுதவைத்து ஊருக்கு அனுப்பிய கடிதம் ஒன்று கிடைத்தால், அதன் மேல் ஒட்டிய விக்டோரியா ராணி எந்த ரகம், எந்த நீர்க்குறி என்பதா முக்கியம்? ஆற்காடு ஜில்லாவில் எந்தக் கிராமத்துக்கு அது வந்தது என்பதல்லவா முக்கியம்?

1903இல் டர்பனில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை ஆங்கிலம், குஜராத்தி, இந்தியோடு தமிழ்ப் பக்கங்களையும் தாங்கித் தபாலில் போனது. பத்தாண்டு கழித்து நடந்த சத்தியாகிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22ஆம் தேதி பதினாறு வயதில் உயிர்விட்டவள் தில்லையாடி வள்ளியம்மை. அவள் சிறையில் இருந்த மாதங்களில் தென்னாப்பிரிக்கத் தபால்கள் மேல் ஒட்டிய புதுத் தபால்தலை, 1913 செப்டம்பரில் வந்த ஐந்தாம் ஜார்ஜ் தலை. அவள் முகம் பொறித்த தபால்தலையை இந்தியத் தபால் துறை 2008 டிசம்பரில் வெளியிட்டது. என் ஆல்பத்தில் அந்த ராஜாவும் இந்தப் பெண்ணும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கிறார்கள். சேகரிப்பில் எனக்குப் பெருமை தரும் பக்கங்கள் அவை.

என்னிடம் இருக்கும் ஓர் உறையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நைரோபியில் போட்டது. கென்யா, உகாண்டா, டாங்கனிகா மூன்றுக்கும் பொதுவாக வந்த 20 சென்ட் தபால்தலைகள் இரண்டு ஒட்டியிருக்கின்றன. கறுப்பும் ஆரஞ்சும், கொண்டை வைத்த நாரைகள். இடது ஓரத்தைத் தணிக்கைக்காரர் கத்தரித்துப் படித்துவிட்டு, ‘பரிசோதகர் திறந்தது’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்த நீளச் சீட்டை ஒட்டி மூடியிருக்கிறார். விலாசம் ஆங்கிலத்தில், அல்சூரில் ஒரு தெரு. அதற்குக் கீழே அதே விலாசம் பென்சிலில் தமிழில். ஆங்கிலம் எழுதியவர் கையும் தமிழ் எழுதியவர் கையும் வேறு வேறு. பின்பக்கத்தில் பெங்களூர் கண்டோன்மென்ட் முத்திரை. முத்திரை போக மீந்த இடத்தில் வேறொரு கை கணக்குப் போட்டிருக்கிறது: அரிசி நாலு படி, மண்ணெண்ணெய், வண்ணாத்தி, பையன் பள்ளிச் சம்பளம்.

விற்ற கடைக்காரர் என்னிடம், “அக்கா, ஸ்டாம்ப் ரெண்டும் சாதா. கவர் வேற கிறுக்கியிருக்கு. வெட்டித் தரட்டுமா?” என்று கேட்டார். கேட்லாக் கணக்குப்படி அவர் சொன்னது சரி. சுத்தமான உறைக்குத்தான் விலை. ஆனால் நாரை படத் தபால்தலை உலகில் லட்சக்கணக்கில் இருக்கிறது. கென்யாவில் சம்பாதிக்கும் கணவனோ மகனோ அனுப்பிய உறையின் முதுகில் அல்சூர் அம்மாள் ஒருவர் போட்ட மளிகைக் கணக்கு இது ஒன்றுதான். போர்க்கால விலைவாசி, புலம்பெயர்ந்த உழைப்பு, தணிக்கை, ஒரு வீட்டில் எத்தனை பேருக்கு எழுதத் தெரியும் என்பது வரை அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

தபால் இந்த ஊரிலிருந்தும் போனது. அதே போரில் எரித்ரியாவின் கெரென் மலையில் இத்தாலியரோடு மோதிய இந்தியப் படைகளில், அல்சூர் ஏரிக்கரையில் தலைமையகம் கொண்ட மதராஸ் சாப்பர்கள் இருந்தார்கள். ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகளைக் கொண்டுவந்து ஜாலஹள்ளி முதலிய இடங்களில் முகாமிட்டு வைத்தார்கள். அந்த முகாம்களிலிருந்து போன கைதிக் கடிதங்களை இத்தாலியில் தேடித்தேடி வாங்கிப் பாதுகாக்கிறார்கள். பெங்களூருக்கு வந்த கடிதங்களை நாம் எடைக்குப் போடுகிறோம்.

எதிர்வாதங்கள் இரண்டு அடிக்கடி கேட்கிறேன். முதலாவது, வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துத் தபால்தலையை ஆசையாகச் சேர்ப்பது அடிமைப் புத்தி என்பது. ராஜா தலையை அழகு பார்ப்பதோடு நிறுத்தினால் அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்பேன். கொள்ளைக்காரனின் கணக்குப் புத்தகத்தை எரித்துவிட்டால் வழக்குக்குச் சாட்சி போய்விடும். என்ன விலைக்கு, எந்தப் பணத்தில், யார் பெயரில், யாருடைய உழைப்பின்மேல் அந்த ஆட்சி நடந்தது என்பதை அவர்களே அச்சடித்துத் தேதியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பத்திரப்படுத்திக் கேள்வி கேட்பது நம் கடமை.

இரண்டாவது, இது பணக்காரர் பொழுதுபோக்கு என்பது. 1847இல் மொரீஷியஸ் வெளியிட்ட ‘போஸ்ட் ஆபீஸ்’ தபால்தலைகளைக் காட்டி இப்படிச் சொல்கிறார்கள். இரண்டு வகையில் ஐந்நூறு ஐந்நூறுதான் அச்சாயின, இன்று மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு, கோடிகளில் விலை. அவற்றிலேயே புகழ்பெற்ற ஒன்றைப் பாருங்கள். ஒரு பென்னித் தபால்தலை இரண்டு ஒட்டிய உறை, பம்பாயிலிருந்த பைபிள் சங்கச் செயலாளருக்கு வந்தது. அந்த உறையை அன்று யாராவது வெட்டியிருந்தால், அந்தக் கடிதம் நம் நாட்டுக்கு வந்தது என்பதே உலகுக்குத் தெரிந்திருக்காது. 1834 முதல் இந்தியக் கூலிகள் கப்பல் கப்பலாக மொரீஷியஸில் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. கோடீஸ்வரர்களின் ஏலத்தில்கூட முழு உறைக்குத்தான் மதிப்பு. நமக்கோ கோடி வேண்டியதில்லை. நான் சொல்லும் உறைகள் பரண்மேல் சும்மா கிடக்கின்றன.

முதலீடாக நினைத்து இதில் இறங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அரிய மேலச்சுகளில் போலி மிக அதிகம். 1915இல் பிரிட்டிஷார் பிடித்த மாஃபியா தீவில் ஐ.இ.எஃப். தபால்தலைகளின் மேல் மறுபடியும் முத்திரையிட்டு வெளியிட்டவை அரிதானவை. அவற்றைப் போலவே செய்து விற்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நிபுணர் சான்றிதழ் இல்லாமல் பெரிய தொகை கொடுக்காதீர்கள். லாபம் தேடுபவர்களுக்கு வேறு சந்தைகள் இருக்கின்றன.

செய்ய வேண்டியவை எளியவை. பழைய கடிதக் கட்டு கிடைத்தால் நூலை அவிழ்ப்பதற்கு முன், எந்தப் பெட்டியில், யாருடைய பொருட்களோடு இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். உறையையும் கடிதத்தையும் பிரிக்காதீர்கள். தண்ணீரில் போடாதீர்கள். செலோடேப், குண்டூசி, ஸ்டேப்ளர் பின், லாமினேஷன் எதுவும் கூடாது. துருப்பிடித்த ஊசி இருந்தால் இழுக்காமல் மெல்லக் கழற்றுங்கள். மெல்லிய பி.வி.சி. உறைகள் நாளடைவில் மையைக் கரைக்கும். அமிலமில்லாத காகித உறையோ பாலியெஸ்டர் உறையோ வாங்குங்கள். பெங்களூர் மழைக்காலத்தில் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போனில் படமெடுத்து வையுங்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால், உறையைக் காட்டி, அனுப்பியவர் யார் என்று இன்றே கேளுங்கள்.

தபால் துறைக்கும் கோரிக்கை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தபால்தலை சேகரிப்பில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ‘ஸ்பர்ஷ்’ திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். மாணவர்கள் அதற்கு ஒரு செயல்திட்டம் சமர்ப்பிக்க வேண்டும். ‘எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த கடிதம்’ என்பதை அதில் ஒரு தலைப்பாக வையுங்கள். மாநில அளவில் நடக்கும் ‘கர்னாபெக்ஸ்’ கண்காட்சியில் குடும்ப உறைகளுக்கென்று கட்டணமில்லாத ஒரு பகுதி ஒதுக்குங்கள். மியூசியம் சாலை தபால் நிலையத்தின் ‘சந்தேஷ்’ அருங்காட்சியகத்தில் ஒரு ஸ்கேனரும் ஓர் ஊழியரும் போதும். மக்கள் கொண்டுவரும் உறைகளைப் பதிவு செய்து அவர்களிடமே திருப்பிக் கொடுக்கலாம். அல்சூரில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு இதற்கென்று ஒதுக்கினால், கண்டோன்மென்ட் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகள் திறக்கும். சண்டே பஜார் வியாபாரிகளுக்கும் சொல்கிறேன்: முழு உறையாக விற்றால் உங்களுக்கும் கூடுதல் காசு. வெட்டுவதற்கு முன் சேகரிப்பாளர்களைக் கேளுங்கள்.

காலம் அதிகமில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலே விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. இன்றைய உறைகளில் தபால்தலைக்குப் பதிலாகப் பார்கோடு ஒட்டுகிறோம். ஆப்பிரிக்காவில் வாழ்ந்து திரும்பிய தலைமுறை வேகமாக மறைந்துவருகிறது. அவர்கள் கடிதங்களை யாருக்கு எழுதினார்கள் என்று சொல்லக்கூடியவர்களும் அவர்களோடு போகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் வெளிநாட்டு முத்திரை பதிந்த உறை ஒன்று இருந்தால், வெட்டாமல், கழுவாமல், எடைக்குப் போடாமல் அப்படியே வையுங்கள். வைக்க இடமில்லை என்றால் ஒரு நூலகத்துக்கோ சங்கத்துக்கோ கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.